கீழ்வீட்டு டீச்சரும் மூன்று விலா எலும்பும்

மரியம்மாளுக்குக் குரல் பெரிது. புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் வேலியோரம் பேசிக்கொண்டு நிற்கும் பெண்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அவளுடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகப் புனே வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, கோ-கோ ஆடிக் கோப்பை வாங்கியது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், மைதானத்தில் மராத்தி, ஸ்டாஃப் ரூமில் இந்தி. கோபம் வந்தால் மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

தொண்ணூற்று நான்கில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஆறாம் வகுப்பில் படித்த அஸ்மிதா என்றொரு பெண் கடைவாயில் லெமன் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு கோ-கோ ஆட வந்தாள். பாதி ஓட்டத்தில் சட்டென்று நின்றாள். கை தொண்டைக்குப் போயிற்று. இருமல் இல்லை, அழுகை இல்லை, சத்தமே இல்லை. மரியம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பெண்ணின் முகம் கருத்துக்கொண்டு வருகிறது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். மரியம்மாள் அதைத் தட்டிவிட்டு, பெண்ணை இடுப்போடு முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ மிட்டாய் தெறித்துப் புல்லில் விழுந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பெண் அழுதாள்.

மறுநாள் அஸ்மிதாவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டாள். குழந்தையின் முதுகு கன்றிப்போயிருக்கிறது, டீச்சர் என்றால் இப்படியா அடிப்பது என்று கத்தினாள். நடந்ததைத் தலைமையாசிரியை விளக்கிச் சொன்னதும் அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மரியம்மாளுக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. அவளை அரித்த விஷயம் வேறு. அடித்தது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியாது. ஏதோ கை போனபடி செய்தாள், பிழைத்தது. மிட்டாய் வெளியே வராமல் இருந்திருந்தால் அடுத்து என்ன செய்திருப்பாள்?

“மேடம், இதை ஒழுங்கா எங்கயாவது கத்துக்கணும். என்னை அனுப்புங்க” என்று தலைமையாசிரியையிடம் கேட்டாள்.

அப்படித்தான் புனேயில் கேம்ப் பகுதியில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் போனாள். ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி அதன் வாயில் ஊதச் சொன்னபோது கூட வந்திருந்த டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மரியம்மாள் சிரிக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, பொம்மையின் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். பொம்மையின் நெஞ்சு மேலே எழும்பியது. வீட்டுக்கு வந்து தலையணையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தாள். அவள் புருஷன் சூசைராஜ் கதவோரம் நின்று பார்த்தான்.

“பஞ்சு கிழிஞ்சு வெளிய வந்துரப் போவுது.”

“நீ படு. உன்னை வெச்சுச் செஞ்சு பாக்கறேன்.”

“ஏண்டி, நான் நல்லாத்தானே இருக்கேன்!”

உயிரோடு இருப்பவன் நெஞ்சில் அதைச் செய்து பார்க்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். சும்மா அவனை ஓட்டினாள்.

அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன ஆனாலும் பிள்ளைகள் மேரி மிஸ் என்று கூப்பிட்ட மரியம்மாளைத்தான் தேடினார்கள். மழைக்காலம் முடியும்போது காலி மனைகளில் காங்கிரஸ் புல் என்கிற பார்த்தீனியம் பூக்கும். அந்தச் சமயத்தில் நாலைந்து பெண்களுக்காவது மூச்சிழுப்பு வரும். அவர்களைப் படுக்கவைக்க ஓடி வருபவர்களை மரியம்மாள் தடுப்பாள். நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சம் முன்னால் சாயவைத்து, கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, பையிலிருக்கும் இன்ஹேலர் பம்ப்பை எடுத்துக் கொடுப்பாள். பம்ப் பழகினால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று அதை மறைத்து வைக்கும் அம்மாக்களோடு பல வருஷம் மல்லுக்கு நின்றாள். சிலர் கேட்டார்கள். சிலர் கடைசிவரை கேட்கவில்லை.

சூசைராஜுக்கு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறியபோது, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தபோடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். முதல் மாடி. நேர் மேலே, இரண்டாவது மாடியில், இன்னொரு தமிழ்க் குடும்பம். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன், அவர் மனைவி விசாலம், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் ஹரீஷ். அந்தக் கட்டடத்திலேயே தமிழ் பேசுபவர்கள் இந்த இரண்டு வீடுதான். குடிவந்த அன்று மரியம்மாள் ஆசையாகத்தான் மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த உறவு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரியம்மாள் வீட்டில் மீன் வறுப்பார்கள். சமையலறை ஜன்னல் வழியாக வாசனை நேரே மேல்வீட்டுப் பூஜை அறைக்குப் போயிற்று. பட்டாபிராமன் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அவர் கட்டடத்துக் குடித்தனக்காரர்களின் சொஸைட்டி கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், இங்கிலீஷில் எழுந்து நின்று சொன்னார். மரியம்மாள் மராத்தியில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது வேண்டாம். செக்ரெட்டரி ஜோக்ளேகர் இரண்டு பேரையும் உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. விசாலம் மட்டும் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது யாரும் இல்லையென்றால், “டீச்சர், சௌக்கியமா?” என்று மெல்லக் கேட்பாள்.

இரண்டாயிரத்து மூன்றில், விநாயகர் சதுர்த்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மரியம்மாள் சர்ச்சிலிருந்து திரும்பி வந்தாள். கீழே பார்க்கிங்கில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டாபிராமன் உட்கார்ந்திருந்தார். பந்தல் வேலையை மேற்பார்வை பார்க்கிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறப் போனாள். இரண்டு படி ஏறியவள் நின்றுவிட்டாள். காற்று குளுகுளுவென்று அடிக்கிற காலை. அந்த மனிதரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் விசாலம் சோடா பாட்டிலோடு நின்றாள். “கேஸ்தான், ராத்திரி சாப்பிட்ட வடை ஒத்துக்கலைங்கறார்.”

மரியம்மாள் சண்டையை மறந்துபோனாள். “மாமி, இது கேஸ் மாதிரி தெரியல. சார், நெஞ்சு அடைக்குதா? கையில வலி இறங்குதா?”

பட்டாபிராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தார்.

ஒரே கூச்சல். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் செருப்பை முகரவைக்கக் கொண்டுவந்தார். தூக்கி உட்காரவையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். மரியம்மாள் எல்லோரையும் விலக்கிவிட்டு அவரைத் தரையில் மல்லாத்திப் போட்டாள். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தொண்டையிலிருந்து, விட்டுவிட்டு, குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“மூச்சு ஓடுகிறதே!” என்று ஜோக்ளேகர் மராத்தியில் கத்தினார்.

“அது மூச்சில்லை காகா. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. ஹார்ட்டுக்கு மெஷின் வெச்சிருக்கிற ஆம்புலன்ஸ். ஓடுங்க!” மைதானத்துக் குரல். ஜோக்ளேகர் ஓடினார்.

மரியம்மாள் நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை எல்லாம் இறக்கி அழுத்தினாள். எழும்பவிட்டாள். மறுபடி அழுத்தினாள். வேகமாக, நிறுத்தாமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. ரப்பர் பொம்மை மாதிரி இல்லை. கைக்கு அடியில் ஏதோ ஒன்று, காய்ந்த குச்சி முறிவதுபோல, முறிந்தது. நிறுத்தாதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, அவர் வாயோடு வாய் வைத்து ஊதினாள். யாரோ ஒரு பெரியவர், “ஐயோ, ஒரு பொம்பளை…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அதற்குள் அவள் மறுபடி நெஞ்சுக்குப் போய்விட்டாள்.

விசாலம் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, “ன்னா, ன்னா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் எழுந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பின்மேல் போர்த்தினாள்.

மரியம்மாளின் கை ஓய்ந்துபோன சமயத்தில் ஜோக்ளேகர் திரும்பி வந்து எதிரே முட்டி போட்டார். “சொல்லிக்கொடு, நான் செய்கிறேன்.” கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம், பிறகு அவள், பிறகு அவர். ஆம்புலன்ஸ் வந்ததும் மருத்துவர் ஒருவர் இறங்கி, நெஞ்சில் பட்டையை ஒட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஷாக் கொடுத்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு மெஷினில் கோடு துள்ளியது.

வண்டி போனபின் மரியம்மாள் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். சூசைராஜ் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

பட்டாபிராமன் பிழைத்தார். ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாலமும் ஹரீஷும் வந்து மரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்று தகவல் கேட்டு ஓடிவந்த ஹரீஷ் வாகட் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு கதறியிருந்தான்; அந்தப் பதைப்பு அவனுக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பட்டாபிராமன் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். படியில் இறங்கும்போது அவள் காலடி கேட்டால் மறுபடி மேலே ஏறிப் போய்விடுவார். பால்கனியில் நின்றால் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்.

அவளுக்கு நன்றி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் குச்சி முறிந்த சத்தம் அவள் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. சப்பாத்தி மாவு பிசைந்தாலும் ஞாபகம் வந்தது. அதிகமாக அழுத்திவிட்டோமோ, மனிதருக்கு வலி தீராமல் போய்விட்டதோ என்று தவித்தாள். அவர் முகத்தைப் பார்த்து ஒருதரம் கேட்டால் அது தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அந்த முகம்தான் ஓடி ஒளிந்தது.

இந்த நேரத்தில், மாடிப்படி பெருக்கும் காந்தாபாய் ஒரு செய்தி கொண்டுவந்தாள். மேல்வீட்டில் புரோகிதர் வந்து பெரிய ஹோமம் நடந்ததாம். “உன் வாய் பட்டுதில்ல டீச்சர், அதைக் கழுவத்தான் இருக்கும்.”

மரியம்மாள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சூசைராஜ், “விடு, அவங்க அவங்க வழக்கம்” என்றான்.

“உசிரு வேணும், என் மூச்சு வேண்டாமா?”

அந்த வெள்ளிக்கிழமை சமையலறை ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கிலோ மீன் வறுத்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

மறுவாரம் ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பட்டாபிராமன். இளைத்து, சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஒரு மாடி இறங்கியதற்கே மூச்சு வாங்கியது.

“உள்ள வரலாமா, டீச்சர்?”

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும். விசாலத்தைக் கேட்டா அழறா. ஹரீஷைக் கேட்டா பேச்சை மாத்தறான். டாக்டர் இங்கிலீஷ்ல என்னமோ சொல்றார். நீங்கதான் உள்ளது உள்ளபடி சொல்லுவேள்.”

“கேளுங்க சார்.”

“அன்னிக்கு நான் செத்துப் போயிருந்தேனா?”

மரியம்மாள் எதிர்பார்த்தது இதை இல்லை. “நான் டாக்டர் இல்ல. ஆனா மூச்சு இல்ல, அசைவு இல்ல. நெஞ்சு நின்னு போயிருந்துச்சு.”

“எத்தனை நாழி?”

“தெரியாது சார். எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஆனா நிமிஷத்தை எண்ணல.”

“எப்படி இருந்தேன்?”

“மூஞ்சி சாம்பல் நிறமா இருந்துச்சு. உதடு நீலம். கண்ணு பாதி திறந்திருந்துச்சு, எதையும் பாக்கல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, குரல் இறங்கிப்போய், “வேஷ்டி?” என்றார்.

மரியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. “நனைஞ்சிருந்துச்சு. மாமி உடனே துண்டு போட்டு மூடிட்டாங்க.”

“எல்லாரும் பாத்தாளா?”

“யாரும் அதைப் பாக்கல சார். உங்க நெஞ்சைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல உடம்பு தன் பிடியை விட்டுரும். யாரா இருந்தாலும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆஸ்பத்திரில நர்ஸ் சொன்னா, வரும்போதே அப்படித்தான் இருந்ததுன்னு. அதுலேர்ந்து உங்க முன்னாடி வரவே கூசித்து. கூட்டத்துல எழுந்து நின்னு உங்களை அவ்வளவு பேசினவன் நான். கடைசில அந்தக் கோலத்துல உங்க முன்னாடி கிடந்தேன். நீங்க வேற மாதிரி நெனச்சுண்டிருப்பேள்.”

“நெனச்சேன்” என்றாள் மரியம்மாள். அவளுக்குப் பொய் வராது. “ஹோமம் பண்ணி என் வாய் பட்டதைக் கழுவுனீங்கன்னு நெனச்சேன்.”

அவர் திடுக்கிட்டுப்போனார். “கழுவறதா? அது ஆயுஷ்ய ஹோமம், டீச்சர். பிழைச்சு வந்தா பண்றது. சங்கல்பத்துல உங்க க்ஷேமத்துக்கும் சேத்து சொல்லுங்கோன்னேன். வாத்யார் கோத்திரம் கேட்டார். நான் முழிச்சேன். விசாலம், ‘சூசைராஜ் கோத்திரம்’னுட்டா. அவரும் அப்படியே சொல்லிட்டார்.”

மரியம்மாள் வெடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்தவர் உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அவள் சிரிப்பு நின்றது. “எத்தனை சார் உடைஞ்சது?”

“மூணு.”

“கையில தெரிஞ்சது எனக்கு. ராத்திரி தூக்கமே வரல. மன்னிச்சுக்குங்க.”

“பெரிய டாக்டரே சொல்லிட்டார். ஒழுங்கா அழுத்தினா உடையறது உண்டாம். மெதுவா அழுத்தியிருந்தா எலும்பு நன்னா இருந்திருக்கும், நான் இருந்திருக்க மாட்டேனாம்.” அவள் முகத்தைப் பார்த்து, “வலி குறைஞ்சுண்டு வரது, டீச்சர். நெஜமா” என்றார்.

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தார். சூசைராஜ் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தபோது இரண்டு பேரும் எந்தக் கடையில் நல்ல காபித்தூள் கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வேறு வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் வாசலிலேயே நின்றான்.

தீபாவளிக்குப் பிறகு சொஸைட்டி ஹாலில் ஒரு வகுப்பு வைக்கலாம் என்று ஜோக்ளேகர் கேட்டார். மரியம்மாள் பயிற்சி நிலையத்திலிருந்து பொம்மையை இரவல் வாங்கி வந்தாள். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். முதலில் பட்டாபிராமனைப் பேசச் சொன்னாள். அவர் எழுந்து நின்று, அன்று விடியற்காலையிலிருந்தே தாடையில் வலி இருந்ததையும், தோள் கனத்ததையும், படியிறங்கும்போது வியர்த்துக் கொட்டியதையும், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் தடுமாறின மராத்தியில் சொன்னார். “உங்களுக்கு அப்படி வந்தால் சோடா தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று முடித்தார்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பொம்மையிடம் வந்தார்கள். விசாலம் கடைசியில் வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி வலியோடு மெல்ல உட்கார்ந்தாள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் அந்தப் பொம்மைக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். விசாலம் அழுத்தினாள். வரவில்லை. மாவு பதம் பார்ப்பதுபோல அழுத்தினாள்.

“பலமா மாமி, இன்னும் பலமா.”

“வலிக்காதோ?”

“வலிக்கற நிலையில அவர் இருக்க மாட்டார். முழங்கையை மடக்காதீங்க. உங்க எடையை இறக்குங்க.”

பட்டாபிராமன் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது. “அழுத்துடி. யோசிக்காம அழுத்து. என்னை நெனச்சுக்கோ.”

விசாலம் ஒரு தடவை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். நாற்பது வருஷ சம்சாரத்தில் அவர் சொன்னது, சொல்லாதது எல்லாம் அப்போது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். ‘டிக்.’ மறுபடி ‘டிக்.’ ஹால் முழுக்கக் கைதட்டியது. மரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொடுத்தாள். விசாலம் நிறுத்தவில்லை. போதும் மாமி என்று சொன்ன பிறகும், இன்னும் ஒரு முறை முதலிலிருந்து செய்து பார்க்கிறேன் என்றாள்.